போல்ட் அக்ஷனும் விசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ லண்டனிலோ இருக்கும். அங்கே உரிமம் எடுத்து இலக்குச் சுடும் கழகங்களில் சேர்ந்தவர்கள் சில காலம் கழித்துக் கடைத் துவக்கில் திருப்தி இல்லாமல், பாகம் பாகமாக வாங்கிச் சொந்தமாக ஒன்று பொருத்தலாம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் கேட்கிற சந்தேகங்களும், இங்கே லேத் வேலையும் எஞ்சின் வேலையும் தெரிந்தவர்கள் ஆர்வத்தில் கேட்கிற சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றே. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன.

“அக்ஷன்” எண்டா துவக்கில எந்தப் பகுதி?

குழலையும், தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையையும் கழற்றினால் நடுவில் மிஞ்சுகிற இரும்பு உடலும், அதற்குள் முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட்டும் சேர்ந்ததுதான் அக்ஷன். போல்ட்டின் முகம் தோட்டாவின் அடியைத் தாங்கும். கைப்பிடியைக் கீழே இறக்கும்போது போல்ட்டின் நுனியிலுள்ள பற்கள் உடலுக்குள் பூட்டிக்கொள்ளும். இந்தப் பற்களை லக் என்பார்கள். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 றாத்தல். கார் டயரில் இருப்பது சுமார் 30. அந்த அழுத்தம் போல்ட்டைப் பின்னே தள்ளுவதை இந்தப் பற்கள்தான் தாங்குகின்றன.

ட்ரிகர், அதாவது விசை, அக்ஷனின் அடியில் தனிப் பெட்டியாகத் தொங்கும் பாகம். அதனால்தான் இரண்டையும் வேறு வேறு இடத்தில் வாங்க முடிகிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் போவதற்கும் அதுவே காரணம்.

அண்ணை, திருகோணமலையில இருந்துகொண்டே இப்பிடி ஒண்டு பொருத்தலாமா?

முடியாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது மட்டுமல்ல, செய்வதும் திருத்துவதும்கூடக் குற்றம். இருக்கிற அனுமதிப்பத்திரமும் ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் முடிந்து புதுப்பிக்கப்பட வேண்டியது. “ஒரு பின் மட்டும் கடைந்து தாருங்கள்” என்று லேத் பட்டறையில் கேட்பதும் பட்டறைக்காரரை வம்பில் மாட்டும் வேலை. இங்கே போட்டியாகச் சுட விரும்புபவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட கழகமே வழி.

ஆகவே இந்தப் பக்கம் வெளிநாட்டில் உரிமத்தோடு இருப்பவர்களுக்கானது. கனடாவில் துவக்கு உரிமம் வேண்டும். அவுஸ்திரேலியாவில் பெரிய தோட்டா போல்ட் துவக்குகள் பி வகையில் வரும். பிரித்தானியாவில் பொலிஸ் தரும் சுடுகலன் சான்றிதழ் வேண்டும். அமெரிக்காவில் அக்ஷனின் உடல் மட்டுமே சட்டப்படி “துவக்கு”. அது உரிமம் பெற்ற வணிகர் ஊடாகத்தான் கைக்கு வரும், விசையோ சாதாரண தபாலில் வரும்.

எதில தொடங்கிறது? அக்ஷனா, குழலா, விசையா?

மூன்றுமில்லை. எந்தத் தோட்டா என்பதில் தொடங்குங்கள். தோட்டா முடிவானால் அக்ஷனின் இரண்டு அளவுகள் தாமாக முடிவாகிவிடும்: போல்ட் முகத்தின் விட்டம், அக்ஷனின் நீளம்.

போல்ட் முகம் தோட்டா அடியின் விளிம்புக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். .223 ரெமிங்டனின் விளிம்பு 0.378 அங்குலம். .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .30-06 எல்லாம் 0.473. .300 வின்செஸ்டர் மெக்னம் போன்றவை 0.532. .338 லபுவா 0.588. நீளத்தைப் பார்த்தால் .308இன் முழுத் தோட்டா 2.810 அங்குலம், 6.5 கிரீட்மோர் 2.825, ஆகவே இரண்டும் குட்டை அக்ஷனில் அடங்கும். .30-06உம் .300 வின்செஸ்டர் மெக்னமும் 3.340, அவற்றுக்கு நீள அக்ஷன். .300 பிஆர்சி 3.700 வரை போகும். அதற்கு நீள அக்ஷன் மட்டும் போதாது, அந்த நீளத்துக்கென்று செய்த, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மகசினும் வேண்டும்.

பிறகு தோட்டாவை மாற்றுகிற எண்ணம் இருந்தால், போல்ட்டின் தலையை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய அக்ஷனை எடுங்கள். சேர்மட்டின் ஒரிஜின், டெர்மினஸின் சூஸ் இரண்டும் அந்த வகை. மாற்றும் எண்ணம் இல்லாதவர் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

“700 ஃபுட்பிரின்ட்” எண்டு எல்லாரும் சொல்லுகினம். அது என்ன சாமான்?

1962இல் ரெமிங்டன் நிறுவனம் 700 என்ற மாதிரியை வெளியிட்டது. உருளை வடிவ உடல், கட்டையோடு இறுக்கும் இரண்டு ஸ்குரூக்களின் இடைவெளி, அடியில் விசை தொங்கும் பள்ளம், அதன் இரண்டு குறுக்குப் பின்களின் இடம் என்று அந்த மாதிரிக்கு ஓர் அமைப்பு உண்டு, அதுதான் ஃபுட்பிரின்ட். அதை மற்றவர்களும் பின்பற்றியதால் கட்டை செய்பவர், கட்டைக்குப் பதிலான உலோகச் சட்டமாகிய சாசி செய்பவர், விசை செய்பவர் எல்லோரும் அந்த அளவுக்கே செய்கிறார்கள். டிஃபயன்ஸ், இம்பாக்ட், லோன் பீக், சேர்மட் ஆகியவற்றின் அக்ஷன்கள் இந்த அமைப்பில் வருகின்றன. நியூசிலாந்தின் பார்னார்ட், பின்லாந்தின் டிக்கா போன்றவற்றுக்குத் தனி அமைப்பு. அவை நல்லவைதான், ஆனால் கட்டையும் விசையும் அதற்கென்று தேட வேண்டும்.

இந்தப் பெயரைக் கண்டவுடன் எல்லாம் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். அடிப்பாகம் ஒன்றாக இருந்தாலும் நான்கு இடங்கள் வேறுபடும். குழலுக்கும் உடலுக்கும் நடுவே உதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் தகட்டைப் பாருங்கள்: பழைய ரெமிங்டனில் அது சுமார் 3/16 அங்குலத் தடிப்பு, சிறு தயாரிப்பாளர்கள் தனியாகச் செய்து விற்கும் கஸ்டம் அக்ஷன்களில் 1/4 அல்லது 5/16. பழைய கட்டையின் பள்ளத்தில் தடித்த தகடு இறங்காது. இடப்பக்கம் போல்ட் விடுவிக்கும் பொத்தானுக்குக் கட்டையில் வெட்டு இருக்கிறதா, போல்ட் கைப்பிடி இறங்கும் வெட்டு சரியான இடத்தில் இருக்கிறதா, மகசின் வாய் எந்த வகை என்பவை மற்ற மூன்று. கட்டை விற்பவரிடம் “700க்கு வருமா” என்று கேட்பதைவிட அக்ஷனின் முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

பழைய ரெமிங்டன் 700 ஒண்டை வாங்கித் திருத்தினா மலிவுதானே?

ஒரு காலத்தில் மலிவாக இருந்தது. தொழிற்சாலையில் பெருந்தொகையாகச் செய்த உடலில் புரி, முகம், பற்கள் உட்காரும் தளம் மூன்றும் ஒரே அச்சில் இருப்பதில்லை. துவக்குப் பொருத்துநர் அதை லேத்தில் ஏற்றி மூன்றையும் நேராக்குவார். பிறகு இரண்டு பற்களும் சமமாகத் தொடும்படி உராய்த்து எடுப்பார், தடித்த தகடு போடுவார், போல்ட் கைப்பிடியையும் மாற்றுவார். இந்தக் கூலி எல்லாவற்றையும் பழைய துவக்கின் விலையோடு கூட்டினால், மின்பொறி பாயும் கம்பியால் நேராகவே வெட்டப்பட்ட புதிய அக்ஷனின் விலைக்குக் கிட்டவாக வந்துவிடும்.

வீட்டில் ஏற்கனவே ஒன்று சும்மா கிடந்தால் மட்டும் திருத்துவது பற்றி யோசியுங்கள். அப்போதும் விசையை முதலில் பாருங்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்யப்பட்ட எக்ஸ்-மார்க் புரோ விசைகளை ரெமிங்டன் நிறுவனமே திரும்ப அழைத்தது. பொருத்தும்போது அளவுக்கு மீறிப் போட்ட பசையால் விசையை இழுக்காமலே துவக்கு வெடிக்கலாம் என்பதே காரணம்.

இரண்டு பல் போல்ட் நல்லதா, மூண்டு பல் நல்லதா?

இரண்டு பல் என்றால் கைப்பிடி 90 பாகை மேலே எழும். மூன்று பல் என்றால் 60 பாகை போதும். குறைந்த சுழற்சி வேகமாக இருக்கும், பெரிய கண்வில்லை உள்ள தொலைநோக்கியில் விரல் மோதாது. ஆனால் கைப்பிடியைத் தூக்கும்போதுதான் உள்ளே, தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியின் ஸ்பிரிங் அமுங்குகிறது. அதே வேலையைக் குறுகிய சுழற்சியில் முடிக்க வேண்டியதால் மூன்று பல் போல்ட்டைத் தூக்க அதிக பலம் வேண்டும். படுத்திருந்து தோளை அசைக்காமல் சுடுபவருக்கு இது தெரியும்.

மூன்று பற்களும் சமமாகத் தொடும்படி செய்வது கடினம். அதில் கெட்டிக்காரரான தயாரிப்பாளரிடம் வாங்கினால் பயமில்லை. முதல்முறை பொருத்துபவருக்கு எங்கள் பரிந்துரை இரண்டு பல்.

வெற்றுத் தோட்டாவைத் தள்ளிவிடுறதில ரெண்டு வகை எண்டினம், எது வேணும்?

ஒன்றில் போல்ட் முகத்துக்குள் ஸ்பிரிங் வைத்த சிறு ஊசி எப்போதும் தோட்டாவைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். போல்ட்டை எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் வெற்றுத் தோட்டா வெளியே பாயும். மற்றதில் உடலில் பொருத்திய தகடு, போல்ட் கடைசிவரை பின்னே வந்த பிறகே தட்டிவிடும். மெதுவாக இழுத்தால் தோட்டா கையிலேயே வந்து விழும், வேகமாக இழுத்தால் தூரப் போகும்.

வெற்றுத் தோட்டாவைச் சேகரித்து மறுபடி நிரப்புபவர்களுக்கு இரண்டாவது வகை பிடிக்கும், வாய் நசுங்காது. வேட்டையில் அவசரத்தில் சுடுபவருக்கு முதலாவது. ஒற்றை ஒற்றையாகத் தோட்டாவைக் கையால் வைத்துச் சுடும் பழக்கம் இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: தோட்டாவின் விளிம்பைப் பிடித்திழுக்கும் பெரிய நகம் வைத்த சில அக்ஷன்களில் தோட்டா மகசினிலிருந்து நகத்துக்குக் கீழே வழுக்கி வர வேண்டும். நேரே குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் போட்டு மூடினால் நகம் விளிம்பைத் தாண்டாது, போல்ட் நின்றுவிடும்.

அக்ஷன் வாங்கினா குழலை நானே திருகிப் போடலாமாம், உண்மையா?

சில அக்ஷன்களுக்கு உண்மை. ரெமிங்டன் 700இன் குழல் புரி 1-1/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 புரி. தொழிற்சாலை அக்ஷனில் ஒவ்வொன்றுக்கும் ஆழம் சற்று மாறுவதால் குழலை அந்தந்த அக்ஷனுக்கென்று கடைய வேண்டும். நல்ல கஸ்டம் அக்ஷன்களில் அந்த ஆழம் ஒரே அளவாக இருப்பதால், அக்ஷனின் பெயரைச் சொன்னால் தோள் வைத்துக் கடைந்த குழல் ஆயத்தமாக வரும். இன்னொரு வழி சுரை வைத்து இறுக்கும் குழல்.

எந்த வழியானாலும், போல்ட் மூடியபின் தோட்டாவுக்கு அறையில் கிடைக்கும் இடத்தை அளக்கும் கோ, நோ-கோ என்ற இரண்டு அளவுமானிகள் இல்லாமல் சுடக்கூடாது. .308இல் கோ 1.630 அங்குலம், நோ-கோ 1.634. கோ போட்டால் போல்ட் இறங்க வேண்டும், நோ-கோ போட்டால் இறங்கக்கூடாது. நடுவே இருப்பது 0.004 அங்குலம், ஒரு கடதாசித் தாளின் தடிப்பு. அளக்கும்போது போல்ட்டிலிருந்து ஊசித் தொகுதியையும் தள்ளும் ஊசியையும் கழற்றிவிட்டு, இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பலம் கொடுத்து அமுக்கினால் நோ-கோவும் இறங்கிவிடும். முதல்முறை என்றால் உரிமம் பெற்ற பொருத்துநரிடம் கொடுத்து அளந்து எழுதி வாங்குங்கள். இதில் கூலி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

700க்கான விசை எண்டு பெட்டியில எழுதியிருந்தா என்ர கஸ்டம் அக்ஷனுக்குப் போகும்தானே?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம் வருகிறது. தவறான பொருளை வாங்கித் திருப்பி அனுப்புவதும் இங்கேதான். முதலில் பார்க்க வேண்டியது போல்ட் எப்படி வெளியே வருகிறது என்பது. தொழிற்சாலை 700இல் போல்ட்டை விடுவிக்கும் சிறு நெம்பு விசைப் பெட்டியோடு ஒட்டி, விசை நாக்குக்கு முன்னால் தலைகாட்டும். கஸ்டம் அக்ஷன்களில் பெரும்பாலும் உடலின் இடப்பக்கம் தனிப் பொத்தான் இருக்கும். ஆகவே ஒரே விசை இரண்டு வகையாக விற்கப்படுகிறது: விடுவிப்பு நெம்பு உள்ளது, இல்லாதது. பக்கப் பொத்தான் உள்ள அக்ஷனுக்கு இல்லாததை எடுங்கள். நெம்பு உள்ளதைப் போட்டால் அது வேலையில்லாமல் தொங்கும், சில கட்டைகளில் பள்ளத்தில் உரசும். மாறாக, தொழிற்சாலை 700க்கு நெம்பு இல்லாததைப் போட்டால் துப்புரவாக்குவதற்குக்கூடப் போல்ட்டை வெளியே எடுக்க முடியாது.

இரண்டாவது, பெட்டியின் அகலம். சில விசைகளின் உறை தடித்தது. சாசியின் பள்ளம் ஒடுக்கமாக இருந்தால் உறை பக்கவாட்டில் அழுந்தும். அழுந்தினால் உள்ளே பாகங்கள் சுதந்திரமாக அசையாது. கட்டையில் இறுக்காமல் இருக்கும்போது நன்றாக வேலை செய்து, ஸ்குரூ இறுக்கியதும் விசை திரும்ப எழாமல் போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, போல்ட்டின் பின்பகுதியில் ஊசியோடு சேர்ந்திருக்கும் காக்கிங் பீஸும் விசையின் மேல்நுனியான சியரும் சந்திக்கும் இடம். இதற்குத் தனிப் பதில் கீழே இருக்கிறது.

ஒரு கட்ட விசை, ரெண்டு கட்ட விசை எண்டா?

ஒரு கட்டத்தில் விரல் சுவரில் அழுத்துவது போலிருக்கும், அழுத்தம் கூடிக்கூடி ஒரு கணத்தில் முறியும். இரண்டு கட்டத்தில் முதலில் இலேசாகச் சிறிது தூரம் பின்னே வரும், பிறகு ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விழும். மொத்தம் ஒன்றரை றாத்தல் என்றால் முதல் கட்டம் ஒரு றாத்தல், இரண்டாவது அரை றாத்தல் என்று பிரித்துவைக்கலாம்.

இராணுவத் துவக்கிலோ காற்றழுத்தத் துவக்கிலோ பழகியவர்களுக்கு இரண்டு கட்டம் கைக்கு வரும். தடுப்புகளில் சாய்ந்து நேரக் கட்டுப்பாட்டில் சுடுபவர்கள் பலர் ஒரு கட்டமே எடுக்கிறார்கள். இதில் சரி பிழை இல்லை, கழகத்தில் இரண்டையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விசை விழுறதுக்கு எத்தனை அவுன்ஸ் அழுத்தம் வைக்கிறது நல்லம்? குறைய வைச்சா நல்லாச் சுடலாமோ?

விதிப்புத்தகத்தை முதலில் பாருங்கள். சர்வதேச 300 மீற்றர் ஸ்டாண்டர்ட் ரைபிள் போட்டியில் விசை குறைந்தது 1500 கிராம் தாங்க வேண்டும். 10 மீற்றர் காற்றழுத்த ரைபிளுக்கு அப்படி எல்லை இல்லை. உங்கள் போட்டிக்கு எல்லை இருந்தால் அதைவிட 50 கிராம் கூட வையுங்கள், வெயிலிலும் குளிரிலும் சற்று மாறும்.

எல்லை இல்லாதபோது எங்கள் கணக்கு இது: மேசையில் வைத்துச் சுடுவதற்கு 6 முதல் 12 அவுன்ஸ், நகர்ந்து நகர்ந்து சுடும் போட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை றாத்தல், கையுறை போட்டு வேட்டையாடுபவருக்கு இரண்டரை முதல் மூன்று. ட்ரிகர்டெக் ஸ்பெஷல் 1 முதல் 3.5 றாத்தல் வரை மாற்றக்கூடியது, அதனால் முதல் துவக்குக்குப் போதும். டைமண்ட் 4 அவுன்ஸ் வரை இறங்கும். டிம்னி கல்வின் எலீட் 8 அவுன்ஸில் தொடங்கும். நான்கு அவுன்ஸ் விசையைக் குளிரில் விறைத்த விரலோடு தொடுவது ஆபத்து. அளக்க விசைமானி வாங்குங்கள். மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு இதற்கு உதவாது, எட்டு அவுன்ஸ் என்பதே 227 கிராம்தான். பத்துத் தடவை அளந்து சராசரி எடுங்கள். பத்தும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறினால் எடையைக் குறைக்கும் கதையை விட்டுவிட்டு விசையைத் துப்புரவாக்குங்கள்.

புது விசை போட்ட பிறகு போல்ட்டை மூடேக்க கடைசியில இறுகுது. பழைய விசையில அப்பிடி இல்லை. ஏன்?

கைப்பிடியைத் தூக்கும்போது காக்கிங் பீஸ் பின்னே இழுபட்டு, போல்ட்டிலுள்ள சிறு குழியில் உட்காரும். போல்ட்டை முன்னே தள்ளிக் கைப்பிடியை இறக்கும்போது சியர் அதைப் பிடித்துக்கொள்ளும், போல்ட் மட்டும் பற்களின் சரிவில் ஏறி இன்னும் சற்று முன்னே போகும். சியர் இருக்க வேண்டிய இடத்தைவிடப் பின்னால் இருந்தால், மூடும்போது நீங்கள் ஸ்பிரிங்கையும் சேர்த்து அமுக்குகிறீர்கள். அந்த இறுக்கம்தான் அது. சிறிது இருந்தால் குற்றமில்லை, பல அக்ஷன்கள் அப்படியே வருகின்றன.

சியர் முன்னால் இருந்தால் மூடுவது வெண்ணெய் போல இருக்கும், ஆனால் ஊசி ஓடும் தூரம் குறையும். கால் அங்குலத்தை அண்டிய அந்த ஓட்டத்தில் கொஞ்சம் போனாலும் அடி மெலியும். சுட்ட தோட்டாவின் அடியில் ஊசிக் குழி ஆழமில்லாமல் இருப்பதும், நூறில் ஒன்றிரண்டு வெடிக்காமல் போவதும் அடையாளம். தோட்டாவைக் குறை சொல்லிப் பெட்டி பெட்டியாக மாற்றுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

திருத்துவதற்கு அக்ஷன் தயாரிப்பாளர் வேறு அளவுக் காக்கிங் பீஸ் தருவார், அல்லது விசையின் பின்கள் இறங்கும் துளையைப் பொருத்துநர் சரிசெய்வார். சில அக்ஷன்களில் விசை தனித் தொங்கியில் இருக்கும், அதை மாற்றினால் போதும். சியரை அரத்தால் ராவ வேண்டாம். அதன் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டது. அந்தத் தோல் போனால் விசை எந்த நாள் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. வாங்கும் முன்பே அக்ஷன் தயாரிப்பாளரிடம் “எந்த விசையை வைத்துக் காக்கிங் பீஸின் இடத்தைச் சரிபார்த்திருக்கிறீர்கள்” என்று கேட்டால் இந்தத் தலையிடி வராது.

போல்ட்டை வேகமா அடிச்சு மூடினா ஊசி தானா விழுகுது. விசையை இறுக்கினா சரியாகுமா?

உடனே நிறுத்துங்கள், தோட்டாவோடு இனி அந்தத் துவக்கைத் தொட வேண்டாம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: எடையைத் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குக் கீழே இறக்கியது, சியரும் காக்கிங் பீஸும் ஒன்றையொன்று போதிய ஆழத்துக்குப் பிடிக்காதது, உள்ளே எண்ணெயும் தூசியும் சேர்ந்து விசை முழுதாகத் திரும்பாதது.

எடையைக் கூட்டிப் பார்க்கலாம். விழுவது நின்றாலும் அதோடு விட்டுவிடாதீர்கள், காரணம் இரண்டாவதாக இருந்தால் மறைந்திருக்கும். பிடிப்பாழ ஸ்குரூவில் தொழிற்சாலை பசை போட்டு மூடியிருந்தால் அதைத் திறக்க வேண்டாம். பொருத்துநரிடம் விசையோடு போல்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள், விசையை மட்டும் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

பாதுகாப்புப் பூட்டு விசையில இருக்கிறது நல்லதா, போல்ட்டில இருக்கிறது நல்லதா?

விசையிலுள்ள பூட்டு பொதுவாக விசையின் உள்பாகத்தைத் தடுக்கும். போல்ட்டின் பின்மூடியிலுள்ள மூன்று நிலைப் பூட்டு ஊசியையே பின்னே இழுத்துப் பிடிக்கும், அதனால் காட்டில் தோளில் தொங்கவிட்டுத் திரிபவருக்கு அது நல்லது. போட்டிகளில் போல்ட்டைத் திறந்து வைப்பதே பாதுகாப்பு என்பதால் பலர் பூட்டே இல்லாத விசையை வாங்குகிறார்கள். பின்மூடியில் பூட்டு உள்ள அக்ஷனுக்குப் பூட்டில்லாத விசை எடுங்கள், இரண்டு பூட்டு இருந்தால் எது திறந்திருக்கிறது என்று குழம்பும். வேட்டைத் துவக்கில் பூட்டு இல்லாமல் விடவே வேண்டாம்.

.22 சின்னத் தோட்டாத் துவக்குக்கும் இதே விசை போகுமா?

வூடூ வி-22, சேர்மட் ரிம்எக்ஸ் போன்றவை 700 அமைப்பிலேயே செய்த .22 அக்ஷன்கள். பெரிய துவக்கில் பழகிய கட்டையும் விசையும் அப்படியே போகும், பயிற்சித் தோட்டாச் செலவு குறையும். விடுவிப்பு நெம்பு பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். .22இல் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிப்பதால் வெற்றாக விசையை இழுத்துப் பழகலாமா என்று அக்ஷன் தயாரிப்பாளரின் கைநூலைப் பார்த்துவிட்டே செய்யுங்கள்.

எங்கட உப்புக்காத்து மாதிரி இடத்தில விசைக்கு எண்ணெய் நல்லாப் போடோணும் என்ன?

போடவே கூடாது. நிலாவெளிக் கரையில் படகு எஞ்சினுக்குச் செய்வதை இதற்குச் செய்ய வேண்டாம். பெரும்பாலான விசைகள் எண்ணெயில்லாமல் வேலை செய்யும்படியே செய்யப்பட்டவை. எண்ணெய் தூசியைப் பிடிக்கும், காய்ந்து பிசினாகும். கனடாவின் குளிரில் கூழாகி விசை திரும்புவதைத் தாமதமாக்கும். குழலைக் கழுவும்போது கரைப்பான் பின்னே வழிந்து விசைக்குள் இறங்குவதும் இதே தொல்லையைத் தரும். அதற்குத்தான் போல்ட் இடத்தில் வைக்கும் வழிகாட்டிக் குழாய். பிசின் பிடித்துவிட்டால் கழற்றிச் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் எண்ணெயால் அலசி, முழுதாகக் காயவிட்டு மாட்டுங்கள். நெருப்புக்கும் காற்றோட்டத்துக்கும் கவனம்.

கிரீஸ் தேவைப்படும் இடம் வேறு: போல்ட்டின் பற்களின் பின்புறம், காக்கிங் சரிவு. அரிசிமணி அளவு போதும். துருவேறா உருக்கு என்று பெயர் இருந்தாலும் கடற்கரையில் வாழ்பவரின் அக்ஷனில் புள்ளி விழும், சுட்டு வந்த அன்றே துடைத்து மெல்லிய எண்ணெய்ப்படலம் வெளியே விடுங்கள்.

மாமா ரொறன்ரோவில இருந்து ஒரு விசையை மட்டும் பொதியில அனுப்புவாராம். சும்மா ஒரு சின்னப் பெட்டிதானே?

அனுப்ப வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். அங்கே கடையில் வாங்க உரிமம் கேட்காத பொருளாக இருக்கலாம். நாடு கடக்கும்போது துவக்குப் பாகம். அமெரிக்காவிலிருந்து வரும் பாகங்களுக்கு ஏற்றுமதி விதிகளும் தனியே உண்டு. கட்டுநாயக்கவில் பையில் பிடிபட்டால் “மாதிரிக்கு வைத்திருந்தேன்” என்பது பதிலாகாது.

எல்லாம் பூட்டியாச்சு. முதல் வெடிக்கு முன்னம் என்ன பாக்கோணும்?

கட்டை ஸ்குரூக்களை அலுமினியச் சாசியில் 65 அங்குல-றாத்தல் வரை, அதாவது 7.3 நியூட்டன் மீற்றர், முறுக்குமானியால் இறுக்குங்கள். பிறகு தோட்டா எதுவும் அறையில் இல்லாமல், அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்துச் சோதனை தொடங்குங்கள். போல்ட்டை மூடி, பூட்டைப் போட்டு, விசையை நன்றாக அழுத்தி விடுங்கள். இப்போது விசையைத் தொடாமல் பூட்டை எடுங்கள். ஊசி விழுந்தால் அந்த விசை திருப்பி அனுப்ப வேண்டியது. விழாவிட்டால் இதையே இருபது தடவை செய்யுங்கள்.

அடுத்து போல்ட்டை மெதுவாக இருபது தடவை, அடித்து இருபது தடவை மூடுங்கள், ஒருமுறைகூட விழக்கூடாது. துவக்கை நிமிர்த்தி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் ஒரு சாண் உயரத்திலிருந்து சிலமுறை தட்டுங்கள். போல்ட்டைப் பின்னே வேகமாக இழுத்து நிறுத்தி சரியாகத் தடுக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைகளைக் கட்டையில் இறுக்குவதற்கு முன் ஒருமுறையும் இறுக்கிய பின் ஒருமுறையும் செய்தால், விசைப் பெட்டி அழுந்தும் பிழையும் வெளியே வந்துவிடும்.

அதன் பிறகே மைதானத்துக்கு. முதல் மூன்று தோட்டாக்களை ஒவ்வொன்றாக வைத்துச் சுட்டு, வெற்றுத் தோட்டாக்களின் அடியில் ஊசிக் குழி நடுவில் விழுந்திருக்கிறதா, உடம்பில் வெடிப்புக் கோடு உண்டா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள். கைப்பிடி தூக்க மறுத்தால் நான்காவது தோட்டாவை எடுக்க வேண்டாம்.